டிராக்டருக்கும் அறுவடை வண்டிக்கும் வேலை விளக்கு தேர்ந்தெடுப்பது எப்படி

சம்பா அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில், காவிரி டெல்டாவில் விடிந்ததும் அறுவடை வண்டியை வயலில் இறக்கிப் பயனில்லை. கதிரில் படிந்த பனி காயாமல் அறுத்தால் நெல்மணி தாளை விட்டுச் சரியாகப் பிரியாது. பிரிந்து வரும் நெல்லிலும் ஈரம் ஏறியிருக்கும். கொள்முதல் நிலையத்தின் வழக்கமான 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டினால் அந்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காயவைக்க வேண்டியதுதான். ஆகவே வண்டி வெயில் ஏறிய பிறகே இறங்கி, காலையில் இழந்த நேரத்தை இரவில் ஈடுகட்டுகிறது. குறுவைக்குச் சேறு அடிக்கும் நாட்களில் காரணம் வேறு: முறைத் தண்ணீர் எந்த நேரத்தில் வாய்க்காலுக்கு வருகிறதோ, அந்த நேரத்தில் டிராக்டர் வயலில் நின்றாக வேண்டும்.

டிராக்டரோடு கம்பெனியிலிருந்து வரும் விளக்குகளில் பெரும்பாலானவை சாலைக்காகப் பொருத்தப்பட்டவை. முன்னால் இரண்டு ஹெட்லைட், பின் மட்கார்டில் ஒரு சிறிய கலப்பை விளக்கு என்பதோடு அவை முடிந்துவிடுகின்றன. கூடுதல் விளக்கு வேண்டுமென்று கடைக்குச் சென்று, நல்ல பவரான ஃபோகஸ் லைட் ஒன்று கொடுங்கள் என்று கேட்டால், பெட்டியில் பெரிய எண் அச்சிட்ட ஒன்றைத்தான் கடைக்காரர் எடுத்து வைப்பார். அந்த எண்ணைப் பார்த்து வாங்குவதில்தான் தவறு தொடங்குகிறது. ஓட்டுநர் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதை முதலிலும், வண்டியால் எவ்வளவு மின்சாரம் கொடுக்க முடியும் என்பதை அடுத்தும், ஒளி எந்த வடிவில் விரிய வேண்டும் என்பதை அதற்குப் பிறகும் முடிவு செய்துவிட்டு, வாட்டையும், தரும் ஒளியின் அளவான லூமனையும் கடைசியில்தான் பார்க்க வேண்டும்.

இருட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்தல்

விளக்கு வாங்குவதற்கு முன் ஓர் இரவை இதற்கென்று ஒதுக்குங்கள். வழக்கமாக மாட்டும் ரோட்டவேட்டரையோ கலப்பையையோ மாட்டி, டிராக்டரை வயலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்காருங்கள். இன்னொருவர் கையில் நல்ல டார்ச்சைக் கொடுத்து, அதை மட்கார்டின் மேல், தலைக்கு மேலுள்ள டாப்பின் நான்கு மூலைகள், பம்பரின் இரு ஓரங்கள் என்று ஒவ்வோர் இடமாகப் பிடிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்திலிருந்து அடித்தால் ரோட்டவேட்டரின் பக்கத் தகடும், ஏற்கெனவே ஓட்டிய தடத்தின் விளிம்பும் ஒருசேரத் தெரிகின்றன, எந்த இடத்திலிருந்து அடித்தால் பின்சக்கரத்தின் நிழல் கருவியின் மேல் விழுகிறது, எங்கிருந்து அடித்தால் பானெட் பளபளத்துக் கண்ணைக் கூசுகிறது என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். இந்தச் சோதனைக்குச் செலவில்லை. விளக்கைப் பொருத்திவிட்டுப் பிறகு இடம் மாற்றித் துளை போடுவதற்குத்தான் செலவு.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். டார்ச்சை ஓட்டுநரின் தலைக்குப் பக்கத்திலேயே பிடித்து அடித்தால் வயல் வெளிச்சமாகத் தெரியும், ஆனால் தட்டையாகத் தெரியும். மேடும் பள்ளமும் பிரிந்து தெரியாது. பார்வை போகும் திசையிலேயே ஒளியும் போனால், மேடு போடும் நிழல் மேட்டுக்குப் பின்னாலேயே மறைந்துவிடுகிறது என்பதுதான் காரணம். அதே டார்ச்சைப் பக்கவாட்டில் சற்றுத் தாழ்த்திப் பிடித்தால், உழுசால் ஒவ்வொன்றும் தனித்தனி நிழலோடு எழுந்து நிற்கும். காற்றில் சாய்ந்த பயிரை இரவில் அறுக்கும் ஓட்டுநருக்கு, பயிர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் காட்டுவது இந்தப் பக்கவாட்டு ஒளிதான். ஆகவே எல்லா விளக்குகளையும் டாப்பின் உச்சியில் வரிசையாகக் கட்டிவிடுவது, பார்ப்பதற்குக் கம்பீரமாக இருந்தாலும், வேலைக்கு அவ்வளவு நல்லதல்ல.

டிராக்டரில் அநேகமாக எல்லோரும் முன்பக்கத்துக்கே செலவு செய்கிறார்கள். ஆனால் உழவில் வேலை நடப்பது பின்னால். மட்கார்டில் ஒரு பக்கம் மட்டும் இருக்கும் கலப்பை விளக்கு, கருவியின் மறுபக்கத்தில் கறுப்பான நிழலை விட்டுவிடுகிறது. வரப்போரம் திரும்பும்போது அந்தப் பக்கத்து முனை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வரப்பை வெட்டிவிடுவது இதனால்தான். கையில் இரண்டு விளக்குக்கான பணம்தான் இருக்கிறது என்றால், இரண்டையும் பின்பக்கமே, வலம் இடமாக, சிறிது உள்நோக்கித் திருப்பிப் பொருத்துங்கள். ஒன்றின் நிழலை மற்றொன்று நிரப்பும். எஞ்சின் விசையைக் கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டைச் சுற்றியுள்ள இடத்திலும் இறங்கும் படியிலும் கொஞ்சம் ஒளி விழும்படி பார்த்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் இரவில் கருவியில் சிக்கிய வைக்கோலை எடுக்க ஆள் இறங்கி நிற்பது அங்கேதான்.

அறுவடை வண்டியில் பட்டியல் நீளும். வெட்டுக்கத்தியின் இரண்டு ஓரங்கள், பயிரைக் கத்திப் பக்கம் சாய்க்கும் ரீல், அறுக்காத பயிரின் விளிம்பு, நெல் தொட்டியின் உட்புறம், நெல் கொட்டும் குழாயின் வாய், பின்னால் வைக்கோல் விழும் இடம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒளி வேண்டும். இவற்றில் குழாயின் வாயில் விளக்கு வைப்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். டிரெய்லரின் விளிம்பு தெரியாமல் அரை மூட்டை நெல் சேற்றில் கொட்டிய பிறகே நினைவு வருகிறது.

மின்சாரக் கணக்கு

கிராமங்களில் டைனமோ என்றே இன்னும் சொல்லப்படும் ஆல்டர்னேட்டரில் ஒரு தகடு இருக்கும். 35 முதல் 50 குதிரைத்திறன் வரையுள்ள நம் டிராக்டர்கள் பலவற்றில் 12 வோல்ட், 36 ஆம்பியர் என்று அதில் போட்டிருக்கும். இது எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போது கிடைக்கும் உச்ச அளவு. ஐட்லிங்கில் இதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். 55 வாட் ஹெட்லைட் இரண்டும் எரிந்தால் ஏறத்தாழ 9 ஆம்பியர் போய்விடும். டெயில் லைட், மீட்டர் விளக்கு, இண்டிகேட்டர் ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று ஆம்பியர், ஸ்டார்ட் செய்ததில் இறங்கிய பேட்டரியை மீண்டும் ஏற்றுவதற்குச் சில ஆம்பியர் என்று கழித்து, ஐட்லிங்கில் கிடைப்பது குறைவதையும் கணக்கில் கொண்டால், கூடுதல் விளக்குகளுக்குப் பத்து, பன்னிரண்டு ஆம்பியருக்கு மேல் எதிர்பார்ப்பது சரியல்ல.

இந்த இடத்தில்தான் ஹாலஜனும் எல்.இ.டி.யும் பிரிகின்றன. 55 வாட் ஹாலஜன் விளக்கு நான்கு என்றால் 220 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 18 ஆம்பியருக்கு மேல். ஒவ்வொரு பல்பும் தருவது சுமார் 1,400 முதல் 1,500 லூமன். அதிலும் ஒரு பங்கு ரிஃப்ளெக்டரிலும் கண்ணாடியிலும் வீணாகிறது. தரமான எல்.இ.டி. விளக்கு வாட்டுக்கு 100 லூமன் சுலபமாகத் தருவதால், உண்மையான 20 வாட் விளக்கு நான்கு போட்டால் 80 வாட்டில், ஏழு ஆம்பியருக்குள், ஹாலஜனைவிட அதிக ஒளி கிடைத்துவிடும். ஹாலஜனுக்கு இன்னும் இரண்டு குறைகள் உண்டு. டிராக்டரின் பின் ஆக்சிலுக்கு ஸ்பிரிங் கிடையாது என்பதால் ஒவ்வொரு குலுக்கலும் நேராக இழையைத் தாக்கி அறுக்கிறது. கண்ணாடி கடுமையாகச் சூடாவதால், வைக்கோல் தூசி படியும் அறுவடை வண்டியிலும் வைக்கோல் கட்டும் பேலரிலும் தீப்பிடிக்கும் அபாயமும் இருக்கிறது. புதிதாக வாங்குபவர் ஹாலஜனைப் பரிசீலிக்கவே தேவையில்லை என்பது என் கருத்து.

எஞ்சினை அணைத்துவிட்டு விளக்கை எரியவிடுவது தனிக்கணக்கு. 75 ஆம்பியர்-அவர் பேட்டரியில் ஏழு ஆம்பியர் விளக்கை நான்கு மணி நேரம் எரித்தால் 28 ஆம்பியர்-அவர், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலியாகிவிடும். பழைய பேட்டரியாக இருந்தால் மறுநாள் காலை தள்ளி ஸ்டார்ட் செய்ய நேரும்.

பெட்டியில் இருக்கும் எண்

சில ஆண்டுகளுக்கு முன் 126 வாட் என்று அச்சிட்டிருந்த எல்.இ.டி. பார் ஒன்றை வாங்கிவந்து, வண்டியில் மாட்டும் முன் மீட்டரில் வைத்துப் பார்த்தேன். 12.6 வோல்ட்டில் 2.8 ஆம்பியர் இழுத்தது. பெருக்கிப் பார்த்தால் 35 வாட். கடைக்காரர் வேண்டுமென்று ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது. பெட்டியில் இருந்ததைத்தான் அவர் விற்றார். அந்த எண் பிறக்கும் விதம் எளிமையானது. பாரில் 42 எல்.இ.டி. மணிகள் இருந்தன, ஒவ்வொரு மணியும் உச்சமாகத் தாங்கக்கூடியது 3 வாட், 42ஐ 3ஆல் பெருக்கிப் பெட்டியில் அச்சிட்டுவிட்டார்கள். அந்தச் சிறிய அலுமினிய உடம்பில் உண்மையிலேயே 126 வாட் ஓடியிருந்தால் ஒரு மணி நேரத்தில் மணிகள் கருகியிருக்கும்.

ஆகவே கடையில் விளக்கைப் பேட்டரியில் எரித்துக் காட்டச் சொல்லும்போது ஆம்பியரையும் அளக்கச் சொல்லுங்கள். வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் சாதாரண கிளாம்ப் மீட்டர் பேட்டரி மின்சாரத்தை அளக்காது, டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும், அல்லது மல்ட்டிமீட்டரின் சிவப்பு வயரைப் பத்து ஆம்பியர் துளையில் செருகி விளக்கோடு தொடராக இணைக்க வேண்டும். உண்மையான 48 வாட் விளக்கு 12 வோல்ட்டில் நான்கு ஆம்பியர் இழுக்கும். அளந்துவிட்டு உடனே அணைத்துவிடாமல், பத்து நிமிடம் எரியவிட்டு மறுபடி அளந்தால் இன்னொன்று தெரியும்: மட்டமான விளக்கு சூடானதும் ஒளி மங்கத் தொடங்கும். சில விளக்குகளில் உள்ள பாதுகாப்புச் சுற்றே சூடேறியதும் மின்சாரத்தைக் குறைத்துவிடும். சிறிது குறைவது நல்ல வடிவமைப்பு, பாதியாகக் குறைந்தால் உடம்பின் அலுமினியம் போதவில்லை என்று பொருள்.

லூமனிலும் இதே விளையாட்டு உண்டு. மணிகள் தரக்கூடிய மொத்த ஒளியைக் கூட்டிப் போடுவது ஒரு கணக்கு. லென்ஸைத் தாண்டி வெளியே வருவதை அளந்து போடுவது இன்னொரு கணக்கு. நல்ல உற்பத்தியாளர்கள் இரண்டையும் தனித்தனியே சொல்வார்கள். ஒரே எண் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் முதல் கணக்குதான். லூமனை, நீங்கள் அளந்த வாட்டால் வகுத்துப் பாருங்கள். வாட்டுக்கு 80 முதல் 130 என்று வந்தால் நம்பலாம். 300 என்று வந்தால் பெட்டியை மூடிக் கொடுத்துவிடலாம், ஏனென்றால் கடையில் கிடைக்கும் எந்த வேலை விளக்கும் வெள்ளை ஒளியில் அவ்வளவு தருவதில்லை.

ஒளி விரியும் வடிவம்

ஒரே வாட், ஒரே லூமன் உள்ள இரண்டு விளக்குகளில் ஒன்று வயலுக்கு உதவும், மற்றது உதவாது. வித்தியாசம் லென்ஸில் இருக்கிறது. ஸ்பாட் வகையில் ஒளி பத்து டிகிரி அளவுக்குள் குவிந்து தூரம் போகும். ஃபிளட் வகையில் அறுபது டிகிரி, அதற்கு மேலும் விரிந்து பக்கத்தை நிரப்பும். கடையில் எதிர்ச் சுவரில் அடித்துக் காட்டும்போது ஸ்பாட் விளக்கு கண்ணைப் பறிக்கும், வாங்குபவரும் அதைத்தான் எடுப்பார். ஆனால் அறுவடை வண்டியின் கத்தியும் டிராக்டரின் கருவியும் விளக்கிலிருந்து மூன்று, நான்கு மீட்டருக்குள்தான் இருக்கின்றன. அங்கே ஸ்பாட் விளக்கு ஒரு தட்டு அளவுக்கு வெள்ளை வட்டத்தைப் போட்டுவிட்டு, சுற்றிலும் இருட்டை இன்னும் இருட்டாக்கும்.

பக்கத்து வேலைக்கு ஃபிளட் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம். இருபது, முப்பது மீட்டர் முன்னால் இருக்கும் வரப்பையும் மின்கம்பத்தின் ஸ்டே கம்பியையும் பார்க்க ஒரே ஒரு ஸ்பாட், அல்லது இரண்டும் கலந்த விளக்கு போதும். தூரம் கூடும்போது ஒளி எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்: ஐந்து மீட்டரில் 80 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியின் அளவு) விழுந்தால், பத்து மீட்டரில் 20 லக்ஸ்தான் விழும். தூரம் இரட்டித்தால் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடுவதால், இரண்டு மடங்கு தூரம் தெரிய நான்கு மடங்கு பெரிய விளக்கு வேண்டும். அதனால்தான் தூரத்தை வாட்டால் வாங்கப் பார்ப்பது நட்டமான வியாபாரம். லென்ஸால் வாங்குவதே மலிவு.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பம்பருக்கு முன்னால் இருக்கும் மூன்று மீட்டரை வெள்ளை வெளேரென்று ஆக்கிவிட்டால், கண்ணின் பாப்பா சுருங்கி, அதற்கு அப்பால் இருக்கும் வரப்பு தெரியாமல் போகும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகிறது. பழகிய பார்வையைக் கெடுக்க ஒரு நொடி போதும். பக்கத்தில் மிதமாகவும் தூரத்தில் போதுமான அளவிலும் சீராகவும் விழும் ஒளியில் எட்டு மணி நேரம் ஓட்டலாம். பளீரென்ற ஒளியில் இரண்டு மணி நேரத்தில் தலை வலிக்கும்.

நிறம், தூசி, பூச்சி

விளக்கின் நிறத்தைக் கெல்வினில் சொல்கிறார்கள். 3,000 கெல்வின் மஞ்சள், 5,000 பகல் வெள்ளை, 6,500 நீலம் கலந்த வெள்ளை. மலிவான பார்களில் பெரும்பாலானவை 6,000, 6,500. நீலம் கலந்த ஒளி அதிகப் பிரகாசமாகத் தோன்றினாலும், மூடுபனியிலும் தூசியிலும் கண்ணை அதிகம் கூசச் செய்கிறது என்பது ஓட்டுநர்களின் பொதுவான அனுபவம். வயலில் 5,000 கெல்வினை ஒட்டிய வெள்ளை நல்லது. கிடைத்தால் அதைவிடச் சற்றுக் கீழே இருப்பதும் நல்லதே.

தூசிக்கு நிறத்தைவிட உயரமே முக்கியம். அறுவடை வண்டியின் டாப்பில், ஓட்டுநரின் கண்ணுக்கு நேர் மேலே விளக்கு இருந்தால், பறக்கும் சுணைத் தூசி ஒவ்வொன்றும் கண்ணுக்கு முன்னாலேயே ஒளிர்ந்து வெள்ளைத் திரையாக நிற்கும். மார்கழிப் பனியிலும் இதுவே நடக்கும். அதே விளக்கைப் பார்வைக் கோட்டுக்குக் கீழே, இருபுறமும் விலக்கி வைத்தால் திரை பெருமளவு குறைந்துவிடும். ஆகவே மேல் விளக்குக்கும் கீழ் விளக்குக்கும் தனித்தனி சுவிட்ச் வையுங்கள். பனி இறங்கினால் மேலே உள்ளதை அணைத்துவிட்டுக் கீழே உள்ளதோடு ஓட்டலாம்.

ஐப்பசி வாக்கில் பச்சைத் தத்துப்பூச்சியும் புகையானும் விளக்கை மொய்ப்பதை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பூச்சிகளை இழுப்பது முக்கியமாக நீலமும் புற ஊதாவும். மஞ்சள், அம்பர் ஒளிக்கு அவை குறைவாகவே வருகின்றன. கேபின் இல்லாத டிராக்டரில் ஓட்டுநரின் முகத்துக்கு அருகில் உள்ள விளக்கை மட்டுமாவது மஞ்சளாக வைத்துக்கொண்டால், கண்ணில் பூச்சி விழுந்து ஸ்டியரிங்கை விடும் சங்கடம் குறையும்.

அதிகம் பேசப்படாத இன்னொரு குறை சிமிட்டல். சில எல்.இ.டி. விளக்குகள் தொடர்ந்து எரியாமல் நொடிக்குப் பலமுறை அணைந்து எரிகின்றன, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒளியில் சுழலும் பி.டி.ஓ. தண்டு மெதுவாகச் சுற்றுவது போலவோ, நின்றுவிட்டது போலவோ தோன்றக்கூடும். நின்றுவிட்டது என்று நம்பிக் கையை நீட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. சோதிப்பது எளிது: விளக்குக்கு முன் விரல்களை விரித்துக் கையை வேகமாக ஆட்டுங்கள். கை ஒரே மங்கலாகத் தெரிந்தால் நல்லது. பத்துப் பதினைந்து விரல்கள் தனித்தனியாக நிற்பதுபோல் தெரிந்தால் அந்த விளக்கைச் சுழலும் பாகங்களுக்கு அருகே வைக்காதீர்கள்.

தண்ணீரும் குலுக்கலும்

ஐபி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் இரண்டு எண்களில் முதலாவது தூசியையும் இரண்டாவது தண்ணீரையும் குறிக்கும். 6 என்றால் தூசி உள்ளே புகாது. இரண்டாவது எண் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கியும் தாங்கும். இது போதும் என்று தோன்றும், ஆனால் அமிழ்ந்து கிடப்பதைத் தாங்கும் விளக்கு சர்வீஸ் ஸ்டேஷனின் பிரஷர் பம்பைத் தாங்கும் என்று அர்த்தமல்ல. இரண்டும் வெவ்வேறு சோதனைகள். உயர் அழுத்தத்தில், 80 டிகிரி வெந்நீரை அருகிலிருந்து பீய்ச்சிச் சோதிப்பது ஐபி 69கே. சேற்றுழவு முடிந்து வாரம் ஒருமுறை பம்பில் கழுவப்படும் வண்டிக்கு இரண்டும் போட்ட விளக்கைத் தேடுவது நியாயம். கிடைக்காவிட்டால், கழுவுபவரிடம் விளக்கின் மேல் நேராக அடிக்காதீர்கள் என்று சொல்லிவிடுவது அதைவிட மலிவு.

உடம்பின் பின்பக்கத்துச் சிறகுகள் அழகுக்கு அல்ல; மணிகளின் சூட்டை வெளியேற்றுபவை அவைதான். சேறு அப்பிக் காய்ந்தால் சூடு வெளியேறாது, விளக்கின் ஆயுள் குறையும். ஆகவே நெருக்கமான, மெல்லிய சிறகுகளைவிட, விரலை விட்டுத் துடைக்கும் அளவுக்கு இடைவெளியுள்ள கனமான சிறகுகள் வயலுக்கு ஏற்றவை. வயர் வெளியேறும் இடத்தையும் பாருங்கள்: ரப்பர் சீல் உள்ள கனெக்டர் இருந்தால் நல்லது, வெட்டிய வயர் இரண்டு வெறுமனே தொங்கினால், அதன் வழியாகவே ஈரம் ஏறி உள்ளே பனி படியும்.

தாங்கிப் பிடிக்கும் பிராக்கெட்டில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். மெல்லிய தகட்டில் மாட்டிய விளக்கு எஞ்சினின் அதிர்வோடு சேர்ந்து ஆடும். ஒளி நடுங்குவது கண்ணுக்குச் சோர்வு, தகடு ஒருநாள் மடிப்போரத்தில் விரிசல் விட்டு விளக்கோடு கீழே விழும். இரண்டு போல்ட்டால் பிடிக்கும் பிராக்கெட்டும், தானாகத் தளராத நைலான் வளைய நட்டும் போதும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற உப்புக்காற்றுப் பகுதிகளிலும், உரம் தூவும் வண்டிகளிலும், அலுமினிய உடம்பில் எஃகு போல்ட் தொடும் இடத்தில் சிறிது கிரீஸ் தடவி வைத்தால் அரிப்பு தாமதமாகும்.

வயரிங்

நல்ல விளக்கைக் கெடுப்பது பெரும்பாலும் மட்டமான வயர்தான். ஹெட்லைட் சுவிட்சிலிருந்து ஒரு வயரை இழுத்து நான்கு விளக்குக்கும் கொடுத்துவிடுவது ஊரில் சாதாரணம். அந்தச் சுவிட்ச் அவ்வளவு ஆம்பியருக்குச் செய்யப்படவில்லை, சில மாதங்களில் உருகும். முறை இதுதான். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து புறப்படும் வயர் ஒரு சாணுக்குள் ஃபியூஸைத் தொட வேண்டும். ஏழு ஆம்பியர் சுமைக்குப் பத்து ஆம்பியர் ஃபியூஸ் சரி. ஃபியூஸிலிருந்து, சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயின் 30 எண் முனைக்கும், 87 எண்ணிலிருந்து விளக்குக்கும், சுவிட்சிலிருந்து 86 எண்ணுக்கும், 85 எண்ணிலிருந்து எர்த்துக்கும் போக வேண்டும். சுவிட்சில் ஓடுவது ரிலேயை இழுக்கும் சிறு மின்சாரம் மட்டுமே என்பதால் அது பல ஆண்டுகள் நிற்கும்.

வயரின் பருமனைக் கணக்குப் பார்த்தே வாங்குங்கள். பேட்டரியிலிருந்து டாப் வரை ஐந்து மீட்டர் என்றால் போக வரப் பத்து மீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் வயரில் ஏழு ஆம்பியர் ஓடினால் வழியிலேயே ஏறத்தாழ 1.25 வோல்ட் போய்விடும். இரண்டரைச் சதுர மில்லிமீட்டரில் அரை வோல்ட்தான் போகும். ஹாலஜன் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய இழப்பு, ஏனென்றால் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் ஒளி முப்பது சதவீதம் குறையும். எர்த்தைப் பெயிண்ட் அடித்த போல்ட்டில் கட்டாமல், தனி வயராகப் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோங்கள். விளக்கு மினுக்குகிறது என்று வரும் புகார்களில் பாதி எர்த்தில்தான் முடிகிறது. வீட்டு வயர் டீசலிலும் சூட்டிலும் விறைத்து வெடிக்கும் என்பதால் ஆட்டோ வயரையே வாங்கி, பிளாஸ்டிக் சுருள் குழாய்க்குள் விட்டு, சைலன்சரைத் தொடாமல் கொண்டுசெல்லுங்கள்.

50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களில், 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த டிரெம் 4 மாசுக்கட்டுப்பாட்டு விதியால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி வந்துவிட்டது. அதன் வயர்க்கற்றையில் கைவைத்து விளக்குக்கு இணைப்பு எடுக்கக் கூடாது. வாரண்டியும் போகும், கோளாறும் வரும். எந்த வண்டியானாலும் எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றாதீர்கள். ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளப் பேட்டரி இல்லாத அந்தக் கணத்தில் வோல்ட் 80, 100 என்று எகிறி, எல்லா எல்.இ.டி. விளக்கையும் ஒரே நேரத்தில் கொன்றுவிடக்கூடும். தளர்ந்த டெர்மினலும் இதையே செய்யும். வண்டியில் வெல்டிங் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிட்டு வைப்பதும் இதனால்தான். 10 முதல் 30 வோல்ட் வரை ஏற்கும் விளக்கை வாங்கினால், 24 வோல்ட்டில் ஓடும் பெரிய இயந்திரங்களுக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

ஜி.பி.எஸ். கருவியோ வாக்கி டாக்கியோ வைத்திருப்பவர்கள், வாங்கும்போதே ஒரு எஃப்.எம். ரேடியோவை விளக்கின் அருகே வைத்துப் பாருங்கள். விளக்கை எரித்ததும் பாட்டுக்குப் பதில் இரைச்சல் கேட்டால், அதன் உள்சுற்று வானொலி அலைகளைக் கசியவிடுகிறது. சிஸ்பிஆர் 25 என்ற தரக் குறியீடு இருக்கும் விளக்குகளில் இந்தத் தொல்லை குறைவு.

சாலையில் ஏறும்போது

வயலில் உதவும் பின்பக்க வெள்ளை விளக்கு, சாலையில் பின்னால் வருபவரைக் குருடாக்கும். டிராக்டர் தன்னை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்றுகூட அவருக்குத் தெரியாது. பின்புறம் சிவப்பைத் தவிர வேறு ஒளி காட்டக் கூடாது என்பதுதான் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் பொது நிலை. கலப்பை விளக்குக்கு உள்ள விலக்கும் வயல்வேலையில் கருவி வேலை செய்யும் இடத்தைக் காட்டுவதற்காக மட்டுமே. ஆகவே வேலை விளக்குகளின் சுவிட்சை ஹெட்லைட்டோடு சேர்க்காமல் தனியாக வைத்து, விளக்கு எரிகிறது என்று காட்டும் சிறு சிவப்புப் பல்பையும் டாஷ்போர்டில் வையுங்கள். பகல்போல வெளிச்சம் பழகிப்போன ஓட்டுநர், பின்விளக்கை அணைக்க மறந்துதான் சாலையில் ஏறுகிறார்.

எல்லாம் பொருத்திய பிறகு, போல்ட்டுகளை அரைகுறையாக முறுக்கிய நிலையிலேயே இரவில் வயலுக்குப் போங்கள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல இன்னொருவர் ஒவ்வொரு விளக்காகத் திருப்பட்டும். ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றவற்றை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் எது எதன் ஒளி என்று தெரியாது. பானெட் கண்ணைக் கூசினால் விளக்கைச் சற்று முன்னுக்குத் தள்ளுங்கள், அல்லது பானெட்டின் மேல் மங்கலான கறுப்புப் பெயிண்ட் ஒரு பட்டை அடியுங்கள். திருப்திப்பட்டதும் முழுதாக முறுக்கி, நட்டின் மேல் பெயிண்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால் பின்னால் அது தளர்ந்ததா என்று ஒரு பார்வையில் தெரியும். முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு, ரிலேயையும் ஃபியூஸ் பிடியையும் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை, கையை எடுக்க வைக்கும் சூடு இருந்தால் அந்த முனையைப் பிரித்து மறுபடி அழுத்திப் பொருத்த வேண்டும்.